காசோடு ஒரு துண்டுக் கடுதாசி
(பாசிக்குடாவில் நடந்த நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



டொக்டர் வந்தால் சீனி வருத்தத்தைப் பற்றித்தான் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை, எங்கள் வகுப்பார் எல்லோரும் சேர்ந்து செய்த ஒரு பிழையைச் சொல்ல வந்திருக்கிறோம்.

1993இல் நாங்கள் ஆண்டு 8. சரித்திர டீச்சர் ஒருநாள் பழைய பவுடர் டின் ஒன்றைக் கொண்டு வந்தார். உள்ளே, அவருடைய தகப்பனார் சேர்த்த நான்கு உரோம வெண்கலக் காசுகள். ஒவ்வொன்றும் தனிக் கடுதாசியில் சுற்றி, கிடைத்த இடம் எழுதியிருந்தது. இரண்டில் ‘மாந்தை’, இரண்டில் ‘கரூர், அமராவதி ஆறு’.

கி.பி. 330இல் கொன்ஸ்தந்தைன் பேரரசர் கொன்ஸ்தாந்திநோபிளைப் புதிய தலைநகராக்கினார். அந்தக் காலத்தில் இரண்டு நகரங்களையும் நினைவுகூர்ந்து காசு அடித்தார்கள். உரோமாபுரிக் காசில் இரட்டைக் குழந்தைகளுக்குப் பால் கொடுக்கும் ஓநாய். புதிய நகரின் காசில் கப்பல் முனையில் நிற்கும் வெற்றித் தேவதை. படத்துக்குக் கீழே உள்ள சிறு எழுத்துகள், எந்த நகரத்து அக்கசாலையில் அடித்தது என்று சொல்லும். 4ஆம், 5ஆம் நூற்றாண்டு உரோமக் காசுகள் இலங்கையில் ஏராளமாகக் கிடைத்துள்ளன. அவற்றைப் பார்த்து இங்கேயும் காசு செய்தார்கள். கரூரிலும் மதுரையிலும் கிடைத்தவை பற்றி இரா. கிருஷ்ணமூர்த்தி 1994இல் ஒரு நூலே எழுதினார்.

இடைவேளைக்கு டீச்சர் வெளியே போனார். பச்சையும் கறுப்புமாகக் கிடந்த காசுகளைப் பார்க்க எங்களுக்குப் பொறுக்கவில்லை. மனையியல் அறையில் புளி எடுத்து, குத்துவிளக்கு மினுக்குவது போல உரஞ்சினோம். நான்கும் பளபளத்தன. ஓநாயின் காலடியில் இருந்த எழுத்துகள் போய்விட்டன. கடுதாசிகளும் நனைந்து, எந்தக் காசு எதற்குள் இருந்ததென்றே தெரியவில்லை.

டீச்சர் ஏசவில்லை. “காசு கிடக்கு மனே. எங்க இருந்து வந்ததெண்டுதான் இனித் தெரியாது” என்றார்.

2004இல் இதே கடல் பொங்கிய பிறகு, முகாம்களில் அந்தச் சொல் எங்களுக்குத் திரும்பி வந்தது. கிளினிக் கொப்பியைக் கடலுக்குக் கொடுத்த ஆச்சிமார், “வெள்ளைக் குளிசை, காலையில ஒண்டு” என்று மட்டும் சொன்னார்கள். ஆள் முன்னால் இருக்கிறார். அவருடைய சரித்திரம் இல்லை.

பழசு சேர்க்கும் தங்கைமாரே, காசைக் கழுவாதீர்கள். எங்கே, யாரிடம் பெற்றீர்கள் என்று எழுதி வையுங்கள். மண்ணுக்குள் கண்டால் ஒளிக்காமல் அறிவியுங்கள். 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டப்படி அது அரசுக்குரியது.

இன்னொன்று. நூற்றாண்டு அறைக்கு வந்த படங்கள் பலவற்றில் பெயரே இல்லை. முன்வரிசையில் சிரிக்கும் அந்தப் பிள்ளை யார்? தெரிந்த மூத்த அக்காமார் இன்று எங்களோடு இருக்கிறார்கள். கடலில் இறங்க முதல், அந்த மேசைக்கு ஒருதரம் வாருங்கள். படத்தின் பின்புறத்தில் பென்சிலால் பெயர், ஆண்டு, இடம் எழுதித் தாருங்கள்.

டீச்சர் காலமாக முதல் அந்த டின்னை எங்களிடம் தந்தார். இன்று அதைப் பாடசாலையிடம் ஒப்படைக்கிறோம். உள்ளே புதிதாக ஒரு கடுதாசி வைத்திருக்கிறோம்: ‘மாந்தை அல்லது கரூர். 1993இல் ஆண்டு 8 மாணவிகள் கழுவியது.’