அது வெறும் மூலம்தானா?
(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் மணியாச்சிக்காரன். ஊர்ப் பேரைச் சொன்னால் எல்லோரும் 1911ஐயும் வாஞ்சிநாதனையும்தான் பேசுவார்கள். நான் பேச வந்தது குடல் புற்றுநோயைப் பற்றி. சாப்பாட்டுக்கு முன்னால் இந்தப் பேச்சா என்று பின்வரிசையில் சிரிக்கிறார்கள். பரவாயில்லை, சிரித்துக்கொண்டே கேளுங்கள்.

நம் கரிசல்காட்டுச் சம்சாரிக்கு மலத்தோடு ரத்தம் போனால் அவரே பேர் வைத்துவிடுவார்: "சூடுப்பா, மூலச்சூடு." மோர் குடிப்பார், எண்ணெய் தேய்த்துக் குளிப்பார். அப்புறம் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் "மூலம், பௌத்திரம்" என்று எழுதியிருக்கும் இடத்துக்குப் போவார். பெரும்பாலும் அது மூலமாகத்தான் இருக்கும். ஆனால் மலக்குடல் புற்றுநோயும் இதே மாதிரி ரத்தம் காட்டும். சோதிக்காமல் வித்தியாசம் சொல்ல டாக்டராலும் முடியாது. முதல் சோதனை என்ன? உறை மாட்டிய ஒரு விரல். ஒரு நிமிஷ வேலை. அதற்குத்தான் நம் ஆட்கள் மாசக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். "ஆம்பளை போய் அதைக் காட்டுவானா?" வெட்கம் என்று வெளியே சொல்கிறோம். உள்ளே இருப்பது பயம், கேன்சர் என்று சொல்லிவிடுவார்களோ என்று. விடியுமுன் உடைமரக் காட்டுக்குள் ஒதுங்கி வளர்ந்த தலைமுறை வேறு. நிறம் பார்க்க வெளிச்சம் ஏது!

பெண்களுக்குக் கூச்சம் இல்லையா? திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 2000ஆம் ஆண்டில் தொடங்கி, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனைக்கு 49,311 பெண்களை அழைத்தார்கள். 31,343 பேர் வந்தார்கள். சோதித்தவர்கள் பயிற்சி பெற்ற நர்சுகள். 2006 வரை கணக்குப் பார்த்ததில், மற்ற ஊர்களைவிட அங்கே அந்த நோயால் வந்த சாவு 35 சதவீதம் குறைவு. நம் வீட்டு அம்மாவையும் மதினியையும் போன்றவர்கள்தான் அவர்கள்.

இங்கிலாந்தில் 50 முதல் 74 வயது வரை உள்ளவர்களுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை தபாலிலேயே சின்னக் குப்பி வருகிறது. மலத்தில் துளி எடுத்து அனுப்பினால் போதும், கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தையும் கண்டுபிடித்துவிடுவார்கள். இந்த நோய் ஆண்களுக்குத்தான் அதிகம். ஆனாலும் குப்பியைத் திருப்பி அனுப்புவதில் அங்கேயும் ஆண்கள் பின்தங்கியே இருக்கிறார்கள். இந்த விஷயத்தில் வெள்ளைக்காரனும் நம்ம ஊர்க்காரன்தான்!

நம் நாட்டில் இந்நோய் அந்த அளவுக்கு இல்லை. அதனால் அரசின் புற்றுநோய்ச் சோதனைப் பட்டியலில் வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் மூன்றுதான். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பி.பி.யும் சர்க்கரையும் பார்க்க வீட்டுக்கு வருகிறார்கள். குடலுக்கு அப்படி யாரும் வீடு தேடி வரப்போவதில்லை. நாமேதான் போய்க் கேட்க வேண்டும். பெரும்பாலும் இது குடலுக்குள் சின்ன மருவாகத் தொடங்கி, புற்றாக மாறப் பல வருஷம் எடுத்துக்கொள்ளும். அதற்குள் கண்டால் குழாய் வழியாகவே நறுக்கி எடுத்துவிடலாம், வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை. அப்பாவுக்கோ அண்ணனுக்கோ வந்திருந்தால் ரத்தத்துக்குக் காத்திராமல் 40 வயதிலேயே டாக்டரிடம் சொல்லுங்கள்.

மாணவர்களே, தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது, "வெளிக்குப் போறதில் ஏதும் மாற்றம் இருக்காப்பா?" என்று அப்பாவைக் கேட்டுப் பாருங்கள். முதலில் திட்டுவார். மறுநாள் அவரே வந்து சொல்வார்.

பந்தி தயார் என்று செயலாளர் சைகை காட்டுகிறார். மேடையில் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் சாப்பிட்டுவிட்டு அந்த வேப்பமரத்தடிக்கு வாருங்கள், அங்கேதான் இருப்பேன்.