டச்பே கரைப் பாசியும் ஒரு பெண்ணின் பெயரும்
(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



பாடசாலை விட்டதும் டச்பே கரையில் பாசி மிதித்து விளையாடியவர்கள் நாம். அதைக் குப்பை என்றே நினைத்தோம். ஆனால் நோன்பு மாதத்தில் முஸ்லிம் தோழியர் வீட்டிலிருந்து வரும் கடற்பாசித் துண்டுகளுக்குச் சண்டை பிடித்தோம். அந்தத் துண்டை இறுக வைப்பது ஏகார். நமது திருகோணமலைக் கடலில் வளரும் கஞ்சிப்பாசியிலும் அது உண்டு.

1881 இல் ஜேர்மனியில் வோல்தர் ஹெஸ்ஸே ஜெலற்றின் மேல் பற்றீரியாக்களை வளர்த்தார். கோடை வெப்பத்தில் அது உருகிவிட்டது. அவருடைய மனைவி பனி ஹெஸ்ஸே, தாம் சமையலில் பயன்படுத்திய ஏகாரைப் போடச் சொன்னார். அது உருகவில்லை. 1882 இல் றொபேட் கொக் காசநோய்க் கிருமி பற்றி எழுதியபோது ஏகாரைக் குறிப்பிட்டார். பனியின் பெயரைக் குறிப்பிடவில்லை.

இன்று அதே ஏகார்த் தட்டில்தான் பாசிச் சாற்றையும் சோதிக்கிறார்கள். பாசியைக் காயவைத்துப் பொடித்து, அற்ககோலில் ஊறவைத்து வடிப்பார்கள். சாற்றில் தோய்த்த கடதாசி வட்டைப் பற்றீரியா பூசிய தட்டில் வைப்பார்கள். மறுநாள் வட்டைச் சுற்றித் தெளிந்த வளையம் இருந்தால், அங்கே கிருமி வளரவில்லை என்று பொருள். அதை மில்லிமீற்றரில் அளப்பார்கள். கபிலப் பாசிகளில் உள்ள புளோரோதனின்கள் இவ்வாறு வேலை செய்யும் பொருள்களில் ஒருவகை. அவுஸ்திரேலியாவின் டெலிசியா என்ற சிவப்புப் பாசியோ, பற்றீரியாக்கள் தமக்குள் பரிமாறும் இரசாயனச் சைகைகளையே குழப்பிவிடும்.

ஆனால் சகோதரிகளே, வளையம் மருந்தல்ல. கிராம் மறைப் பற்றீரியாக்களின் வெளி மென்சவ்வு பல சாறுகளை உள்ளே விடாது. பறித்த பருவமும் இடமும் மாறினால் முடிவும் மாறும். தட்டில் கிருமியைத் தடுப்பது உடலுக்கு நஞ்சாகவும் இருக்கலாம். ஆகவே புண்ணில் பாசியை அரைத்துப் பூசவேண்டாம். வைத்தியர் தந்த நுண்ணுயிர்கொல்லியை இடையில் நிறுத்தவும் வேண்டாம். பழைய மருந்துகளுக்குக் கிருமிகள் பழகிவருவதால்தான் கடலிலும் புதியதைத் தேடுகிறார்கள்.

அந்தத் தேடலில் நம் பிள்ளைகளும் இருக்கவேண்டும். உயிரியல் கற்கும் ஒரு மாணவியின் ஆய்வுச் செலவை நாம் பொறுப்பேற்போம். கொட்டியாரக் குடாவின் பாசியை அவள் சோதிக்கட்டும். வளையம் தோன்றினாலும் தோன்றாவிட்டாலும் உள்ளதை உள்ளபடி எழுதட்டும். அந்தக் கட்டுரையில் அவளுடைய பெயர் விடுபடாதிருக்கட்டும்.