பழைய டீசல் வண்டியின் நோயும் குறியும்

நோயாளி வைத்தியரிடம் சென்று தோளிலே நோகிறது என்கிறான். வைத்தியர் தோளைப் பார்த்துவிட்டு, நெஞ்சையும் வயிற்றையும் தொட்டுச் சோதிக்கிறார். நோவு தோன்றும் இடம் ஒன்று, நோய் குடிகொண்டிருக்கும் இடம் வேறொன்று என்பது அவர் அனுபவத்திற் கண்ட உண்மை. வயது முதிர்ந்த மோட்டார் வண்டிகளுக்கும் இது பொருந்தும். கியர்ப்பெட்டி முரண்டு பிடிப்பதற்குக் கதவுப் பூட்டினுள்ளே கிழிந்த ஓர் இறப்பர்த் துண்டு காரணமாகலாம். விளக்கு மங்குவதற்குப் பூத்துப்போன ஒரு சிறு உலோகத் துண்டு காரணமாகலாம். இதனை அறியாதவர் கியர்ப்பெட்டியையே மாற்றிப் பெரும்பொருளை இழப்பர். இழந்த பின்னரும் வண்டி முன்போலவே உதைக்கக் கண்டு திகைப்பர்.

இவ்வுண்மைக்குத் தக்க எடுத்துக்காட்டாக விளங்குவது, ஜேர்மனியின் மேர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் 1976ஆம் ஆண்டில் அறிமுகஞ் செய்த 123ஆம் இலக்க வரிசை வண்டியாகும். உற்பத்தி நின்ற 1986ஆம் ஆண்டுவரை ஏறத்தாழ 27 இலட்சம் வண்டிகள் இவ்வரிசையில் வெளிவந்தன. 240 டி, 300 டி எனப் பெயர் பெற்ற இதன் டீசல் வகைகள் நீண்ட ஆயுளுக்குப் பேர்போனவை. இன்றும் பல நாடுகளின் வீதிகளில் அவற்றைக் காணலாம். தானாகவே கியர் மாற்றும் பெட்டி பொருத்தப்பட்ட வண்டிகளும் அவற்றுட் பல.

இவ்வண்டியின் பிணிகளை விளங்கிக்கொள்வதற்கு முதலில் டீசல் இயந்திரத்தின் இயல்பை அறிதல் வேண்டும். றூடோல்ப் டீசல் என்னும் அறிஞர் 1897ஆம் ஆண்டில் அவுக்ஸ்பேர்க் நகரில் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய இயந்திரத்தில், எரிபொருளைப் பற்றவைக்க மின்பொறி தேவைப்படவில்லை. காற்றை மிகுதியாக அமுக்கினால் அது கடுஞ் சூடடையும். அச்சூட்டில் எண்ணெயைச் செலுத்தினால் அது தானே தீப்பற்றும். 1936ஆம் ஆண்டு பேர்லின் கண்காட்சியில் வைக்கப்பட்ட 260 டி வண்டியும், நாற்பது ஆண்டுகள் கழித்து வந்த 300 டி வண்டியும் இந்தத் தத்துவத்தின்படியே இயங்கின.

இதிலிருந்து இரண்டு விளைவுகள் பிறக்கின்றன. ஒன்று, இயந்திரம் ஓடத் தொடங்கியபின் எரிதலுக்கு மின்சாரம் வேண்டியதில்லை. மற்றது, பெற்றோல் இயந்திரத்தைப்போல இங்கே காற்றுவழியை மூடித் திறந்து வேகத்தைக் கட்டுப்படுத்துவதில்லை. எண்ணெயின் அளவே கூட்டிக் குறைக்கப்படுகிறது. ஆகவே பெற்றோல் இயந்திரத்தின் காற்றுக்குழாயில் இயல்பாக உண்டாகும் உறிஞ்சு விசை, அதாவது குறைவமுக்கம், டீசல் இயந்திரத்தில் உண்டாவதில்லை. அதனை உண்டாக்க இயந்திரத்தின் முன்புறத்தில் தனியாக ஒரு பம்பி பொருத்தப்பட்டிருக்கிறது.

இந்த ஒரு பம்பி நான்கு வேலைகளுக்கு உறிஞ்சு விசை வழங்குகிறது. சாரதியின் பாதத்துக்குத் துணையாக நின்று பிறேக்கை அழுத்துவது முதலாவது. திறப்பைத் திருப்பியதும் எண்ணெயைத் தடுத்து இயந்திரத்தை நிறுத்துவது இரண்டாவது. எல்லாக் கதவுகளையும் ஒருங்கே பூட்டுவது மூன்றாவது. இயந்திரத்தின் சுமை எவ்வளவு என்பதைக் கியர்ப்பெட்டிக்கு அறிவிப்பது நான்காவது. ஒரே கிணற்றிலிருந்து நான்கு வீட்டார் நீர் இறைப்பதை ஒத்த ஏற்பாடு இது. ஒரு வீட்டுக் குழாய் உடைந்து நீர் வீணானால், மற்ற வீட்டார்க்கும் முட்டுப்பாடு வருமன்றோ?

கியர்ப்பெட்டியின் நிலை இதுதான். சாரதி மெதுவாக மிதிக்கும்போது உறிஞ்சு விசை மிகுதியாக வந்து சேரும். பெட்டியும் கியரை மென்மையாக மாற்றும். முழு வலுவுடன் மிதிக்கும்போது அவ்விசை அற்றுப்போகும். பெட்டி உள்ளே ஒயிலின் அமுக்கத்தைக் கூட்டி, தகடுகளை இறுகப் பிடித்து, கியரை உறுதியாக மாற்றும். இப்பொழுது கதவுப் பூட்டின் மென்தகடு கிழிந்து காற்றுக் கசிகிறது எனக் கொள்க. கியர்ப்பெட்டிக்கு வரவேண்டிய விசை குறைகிறது. சாரதியோ மெல்ல மிதிக்கிறார். பெட்டியோ அவர் முழு வலுவுடன் மிதிப்பதாக எண்ணிக் கியருக்குக் கியர் உதைக்கிறது. பெட்டியிற் பழுதில்லை, அதற்குக் கிடைத்த செய்தியே பொய்ச் செய்தி.

ஆதலால் சோதனையை முறையாகத் தொடங்குதல் வேண்டும். முதலிற் பார்க்கவேண்டியது பெட்டியின் ஒயில். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஒயில் நன்கு சூடேறிய பின்னர், இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கையிலேயே அளவுகோலை எடுத்துப் பார்த்தல் வேண்டும். ஆகக் குறைந்த குறிக்கும் ஆகக் கூடிய குறிக்கும் இடையேயுள்ள வேறுபாடு ஏறத்தாழ 0.3 லீற்றர் மாத்திரமே. ஒயில் கருகி மணந்தால் உள்ளே தகடுகள் தேய்ந்துள்ளன என்று ஐயுறலாம். அது செந்நிறமாகத் தெளிந்திருந்தால், குற்றத்தை வெளியே தேடுதல் நன்று.

அடுத்தது, வண்டியின் ஏனைய பழக்கங்களை விசாரித்தல். திறப்பைத் திருப்பியதும் இயந்திரம் உடனே நிற்கிறதா? கதவுகள் எல்லாம் ஒருங்கே பூட்டிக்கொள்கின்றனவா? இயந்திரம் நிற்கத் தாமதித்தால், அல்லது நிற்கவே மறுத்தால், உறிஞ்சு குழாய்களில் எங்கோ கசிவுண்டு என்பது பெரும்பாலும் உறுதி. அந்நேரத்திற் பதற்றப்பட வேண்டியதில்லை. இயந்திரத்தின் மேலுள்ள நிறுத்தும் நெம்பைக் கையால் அழுத்தினால் அது நின்றுவிடும்.

பின்னர் அமுக்கமானி ஒன்றைப் பம்பியின் குழாயில் இணைத்துப் பார்க்கலாம். கடல்மட்டத்தை அண்டிய இடங்களில், இயந்திரம் மெதுவாக ஓடும்போதே 20 அங்குல இரசத்துக்கு மேற்பட்ட அளவைக் காட்டும் பம்பி நல்ல நிலையில் உள்ளது எனலாம். அதன்பின் கிளைக் குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அடைத்துப் பார்க்கவேண்டும். எக்கிளையை அடைத்ததும் மானியின் முள் உயர்கிறதோ, அக்கிளையிலேதான் கசிவு. கியர்ப்பெட்டியின் பக்கத்திற் பொருத்தப்பட்ட மொடுலேற்றர் என்னும் சிறு கிண்ணத்தின் குழாயையும் கழற்றிப் பார்ப்பது அவசியம். குழாயினுள் ஒயில் ஈரம் காணப்பட்டால், கிண்ணத்தின் மென்தகடு கிழிந்து, பெட்டியின் ஒயில் பம்பியால் உறிஞ்சப்படுகிறது என்பது பொருள். நிலத்தில் ஒரு துளியும் சிந்தாமல் ஒயில் குறைந்துகொண்டே போகும் மாயத்தின் விளக்கம் இதுவே.

கியர் மாறும் வேகம் தவறினால், அதாவது மிக முந்தியோ மிகப் பிந்தியோ மாறினால், மிதியோடு இணைந்த கட்டுப்பாட்டுக் கம்பியைப் பார்த்தல் வேண்டும். கியர் மாறும் வன்மை தவறினால், உறிஞ்சு குழாய்களைப் பார்த்தல் வேண்டும். இந்த ஒரு விதியை நினைவில் வைத்திருப்பவர் பெரும்பாலும் பிழைவிடமாட்டார்.

இனி மின்சாரப் பிணிகள். நன்கு மின்னேற்றப்பட்ட பற்றரி ஓய்விலிருக்கும்போது ஏறத்தாழ 12.6 வோல்ற்றுக் காட்டும். இயந்திரம் ஓடும்போது பற்றரியின் முனைகளில் ஏறத்தாழ 14 வோல்ற்று இருத்தல் வேண்டும். 13க்குக் கீழ் நின்றால் மின்னேற்றம் நடைபெறவில்லை. 15ஐக் கடந்தால் சீராக்கி பழுது. மின்பிறப்பாக்கியை மாற்ற விரையுமுன், அதன் பின்புறத்துச் சீராக்கியைக் கழற்றி, அதிலுள்ள கரித் துண்டுகள் தேய்ந்தனவா என்று நோக்குதல் வேண்டும். இரண்டு திருகாணிகளைக் கழற்றினாற் போதும்.

விளக்கும் துடைப்பானும் நினைத்தால் இயங்கி நினைத்தால் நிற்குமாயின், பியூஸ் எனப்படும் உருகிகளைப் பார்க்கவேண்டும். இவ்வண்டியின் உருகிகள் இருமுனையும் கூம்பிய சிறு குச்சிகள். வெள்ளை 8 அம்பியருக்கும் சிவப்பு 16 அம்பியருக்கும் உரியவை. அலுமினியத் தகடு கொண்டவை ஈரத்திற் பூத்து, எரியாமலே மின்னைத் தடுக்கும். முனைகளைத் துடைத்து, செப்புத் தகடு கொண்ட உருகிகளை இட்டால் பல தொல்லைகள் ஒரே நாளில் நீங்கும்.

காலையில் இயந்திரம் நடுங்கி வெண்புகை கக்கித் தொடங்குமானால், குளோ பிளக் என்னும் சூடேற்றிகளில் ஒன்றோ இரண்டோ செயலிழந்திருக்கலாம். 1980ஆம் ஆண்டுக்கு முற்பட்ட வண்டிகளில் இவை தொடராக இணைக்கப்பட்டமையால், ஒன்று பழுதானாலும் அத்தனையும் ஓய்ந்துவிடும்.

மின்சாரமும் கியர்ப்பெட்டியும் சந்திக்கும் இடங்களும் உண்டு. மிதியை அடிவரை அழுத்தியும் வண்டி கீழ்க்கியருக்கு இறங்கவில்லையெனில், மிதியின் கீழுள்ள ஆளியோ அதற்கு மின் வழங்கும் உருகியோ காரணமாகலாம். திறப்பைத் திருப்பியும் இயந்திரம் அசையாதிருந்து, கியர்க்கோலைச் சற்றே அசைத்ததும் தொடங்குமானால், பெட்டியின் பக்கத்திலுள்ள பாதுகாப்பு ஆளி தேய்ந்துள்ளது எனக் கொள்ளலாம். பெட்டியை வண்டியின் உடலோடு இணைக்கும் மின்நாடா துருப்பிடித்தாலோ, தொடக்க மோட்டாருக்குரிய பெருமின்னோட்டம் வேறு வழி தேடிக் கட்டுப்பாட்டுக் கம்பிகளின் ஊடே பாய்ந்து, அவற்றைச் சுட்டு இறுகச் செய்வதும் உண்டு.

இவையெல்லாம் பொருட்செலவைப் பற்றிய பேச்சு மாத்திரமன்று. கியரை உதைக்கச் செய்யும் அதே குறைபாடு பிறேக்கின் துணைவலுவையும் பறிக்கக்கூடியது. இதனைச் சோதிக்கும் முறை எளிது. இயந்திரத்தை நிறுத்திய பின் பிறேக் மிதியைப் பலமுறை அழுத்தி, கடைசியில் அழுத்தியபடியே பிடித்துக்கொண்டு, இயந்திரத்தை இயக்குதல் வேண்டும். மிதி சற்றே கீழிறங்கினால் துணைவலு உண்டு. கல்லைப்போல் நின்றால் வண்டியை வீதிக்கு எடுத்தலாகாது. கியர் உதைப்பதைச் சிறு தொல்லையென்று பொறுத்துக்கொண்டு மலைப்பாதையில் இறங்குபவர், தம் உயிரையும் உடன் வருவோர் உயிரையும் பணயம் வைப்பவராவர்.

கிரேக்க நாட்டின் தெசலோனிக்கி நகரத்து வாடகை வண்டிச் சாரதி ஒருவரின் 1976ஆம் ஆண்டு 240 டி வண்டி, இவ்வரிசைக்கு முந்திய வடிவத்தைச் சேர்ந்தது. அது 46 இலட்சம் கிலோமீற்றர் ஓடி, 2004ஆம் ஆண்டில் அதனை ஆக்கிய நிறுவனத்தின் நூதனசாலையைச் சென்றடைந்தது. இரும்புக்கு அத்தகைய ஆயுளைத் தருவது அதிட்டமன்று. தேய்ந்த உறுப்பைத் தேய்ந்த காலத்தில் அறிந்து மாற்றும் கவனமே அதனைத் தருகிறது. விலைகூடிய உறுப்பைக் கடைசியாகவும் விலைகுறைந்த உறுப்பை முதலாவதாகவும் ஐயுறுவதே அக்கவனத்தின் முதற்பாடம்.