பாலே வகுப்பு: முறை வேறு, தவறு வேறு

(நமது கிளப் ஹவுஸில் நடந்த பெற்றோர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் குடியிருப்பிலிருந்து இப்போது சில குழந்தைகள் பாலே வகுப்புக்குப் போகிறார்கள். லிஃப்டில் பார்க்கும் பெற்றோர் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "எந்த முறை நல்லது?" என் மகள் விஷயத்தில் நான் செய்த தவறைச் சொல்கிறேன். பதில் அதிலேயே இருக்கிறது.

இங்கே குடிவந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. பழைய ஊரில் இரண்டு வருடம் கற்றிருந்தாள். புது வகுப்பில் முதல் நாள் டீச்சர், "கைகள் மூன்றாம் நிலை" என்றார். மற்ற பிள்ளைகள் ஒரு கையை முன்னாலும் மறு கையைப் பக்கவாட்டிலும் வைத்தார்கள். இவள் மட்டும் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினாள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து, "இனிமேல் போகமாட்டேன்" என்று அழுதாள். நானும் விசாரிக்காமல், "பழைய டீச்சர் தப்பாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்" என்று சொல்லிவிட்டேன்.

உண்மையில் இரண்டும் சரி. அவள் முதலில் கற்றது ரஷ்யாவின் வாகனோவா முறை. அதில் தொடக்க நிலை போக, கைகளுக்கு மூன்றே நிலைகள். மூன்றாவது தலைக்கு மேல். புது வகுப்பில் நடப்பது, 1920-இல் லண்டனில் தொடங்கிய ராயல் அகாடமி ஆஃப் டான்ஸின் பாடத்திட்டம். அங்கே தலைக்கு மேல் என்றால் ஐந்தாம் நிலை.

ஒவ்வொரு முறைக்கும் ஓர் அழுத்தம் உண்டு. வாகனோவாவில் முதுகு, தலை, கை, கால் எல்லாம் ஒன்றாக இயங்கவேண்டும். இத்தாலியரான செக்கெட்டி, கிழமைக்கு ஒன்றாகப் பயிற்சிகளை வகுத்துவைத்தார். டென்மார்க்கின் பூர்னோன்வில் முறையில் கைகள் அமைதியாக இருக்கும், கால்கள் துள்ளும். நியூயார்க்கில் பாலஞ்சீன் வேகத்தைக் கேட்டார்.

ஆனால் எந்த முறையிலும் மாறாதவை இரண்டு. கால் வெளிப்பக்கம் திரும்புவது இடுப்பு மூட்டிலிருந்துதான். பாதத்தை மட்டும் வலிந்து திருப்பினால் முழங்கால் முறுக்கிக்கொள்ளும். அடுத்தது, விரல் நுனியில் நிற்கும் பாயின்ட் ஷூ. பாதமும் கணுக்காலும் வலுப்பெற்ற பிறகே அதைத் தரவேண்டும். பொதுவாகப் பதினொன்று, பன்னிரண்டு வயதாவது ஆகும். ஏழு வயதில் தருகிறோம் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து சம்மதிக்காதீர்கள்.

ஆகவே, சேர்க்கும் முன் டீச்சரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எந்த முறை? பாயின்ட் ஷூ எப்போது, எதைப் பார்த்துத் தருவீர்கள்? வலிக்கிறது என்று குழந்தை சொன்னால் என்ன செய்வீர்கள்? வகுப்பு மாற்றினால், முன்பு கற்ற முறையையும் புது டீச்சரிடம் சொல்லிவிடுங்கள். நான் சொல்லியிருந்தால் அன்று அவள் அழுதிருக்க மாட்டாள்.

பிறகு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போதும் அதே வகுப்புக்குத்தான் போகிறாள். "மூன்றாம் நிலை" என்றால், "ரஷ்யா மூன்றா, லண்டன் மூன்றா?" என்று கேட்டுச் சிரிக்கிறாள்.