கந்தக பூமிக்கு ஒரு வானொலி



வானொலியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இணையமும் கைபேசியும் வந்துவிட்ட பிறகு வானொலி என்ன ஆகும் என்பதைப் பற்றி இந்தப் பட்டமளிப்பு விழாவில் பேசும்படி கேட்டார்கள். பட்டாசும் தீப்பெட்டியும் அச்சும் பிழைப்பாக இருக்கும் இந்த ஊர்களில் வானொலி கேட்டவர்கள் யார் என்பதிலிருந்து தொடங்கினால்தான் அதற்குச் சரியான பதில் கிடைக்கும்.

தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிய அக்காமார்கள் கேட்டார்கள். அச்சாபீசில் காலண்டர் தாள் மடித்தவர்கள் கேட்டார்கள். வீட்டுத் திண்ணையில் கூலிக்குப் பெட்டி ஒட்டிய உங்கள் பாட்டிகள் கேட்டார்கள். கையும் கண்ணும் வேலையில் இருக்கும். காது மட்டுமே ஒழிந்திருக்கும். அந்தக் காதுக்கு இலங்கை வானொலியிலிருந்து அறிவிப்பாளர்கள் மயில்வாகனமும் கே.எஸ். ராஜாவும் பேசினார்கள். 1963-இல் திருநெல்வேலி வானொலி நிலையம் வந்தது. பிறகு கொடைக்கானல் மலை உச்சியிலிருந்து கோடை பண்பலை மதுரையையும் தாண்டி நம் கரிசல் காடு வரை இறங்கி வந்தது. படத்தைப் பார்க்க வேலையை நிறுத்த வேண்டும். பாட்டையும் பேச்சையும் கேட்க நிறுத்த வேண்டியதில்லை. உழைக்கும் ஊரில் வானொலி வேர் பிடித்ததற்கு இதுதான் காரணம்.

டிஜிட்டல் காலம் வானொலியைக் கொன்றுவிட்டது என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. திருநெல்வேலி நிலையத்தில் பண்ணை நிகழ்ச்சிகளில் பணியாற்றி, பின்னர் சென்னையில் ‘இன்று ஒரு தகவல்’ சொன்ன தென்கச்சி கோ. சுவாமிநாதன் 2009-இல் மறைந்தார். அவர் குரலை இன்று யூடியூபில் கேட்கும் பலர் அவர் வானொலியில் பேசிய காலத்தில் பிறக்கவே இல்லை. காற்றோடு போயிருக்க வேண்டிய பேச்சை இணையம் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது. ஆகாசவாணியின் இருநூறுக்கும் மேற்பட்ட ஒலிபரப்புகள் ஒரே செயலியில் கிடைக்கின்றன. வளைகுடாவில் வேலை பார்க்கும் சாத்தூர்க்காரர் அங்கிருந்தே திருநெல்வேலி நிலையத்தைக் கேட்கலாம். 1941-இல் தொடங்கிய பிபிசி தமிழோசை 2017 ஏப்ரலோடு வானொலி ஒலிபரப்பை நிறுத்திக்கொண்டு இணையத்துக்குப் போனது. நார்வே அதே 2017-இல் தேசிய எஃப்.எம். ஒலிபரப்பை மூடிவிட்டு டிஜிட்டலுக்கு மாறியது. சுவிட்சர்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனமும் 2024 இறுதியில் எஃப்.எம்.-ஐ நிறுத்தியது.

அந்த நாடுகள் போன வழியில் நாமும் போகலாமா? இந்த மாவட்டத்தை வைத்துப் பார்த்தால் கூடாது என்பதே என் முடிவு. வானொலிக் கோபுரம் ஒன்று ஒலிபரப்பினால் பத்துப் பேர் கேட்டாலும் பத்து லட்சம் பேர் கேட்டாலும் செலவு ஒன்றுதான். கேட்பவருக்கும் காசு இல்லை. இணைய ஒலி அப்படி அல்ல. ஒவ்வொருவரும் தன் டேட்டாவைச் செலவழித்துத் தனித்தனியாக இழுத்துக் கேட்க வேண்டும். செல்பேசிக் கோபுரம் விழுந்துவிட்டால் அதுவும் போச்சு. 2023 டிசம்பரில் நமக்குப் பக்கத்தில் தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்கள் மூழ்கியபோது இதைக் கண்ணால் பார்த்தோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஊர் ஊராகக் கைபேசி இணைப்பு அற்றுப்போனது. பேட்டரி போட்ட சின்ன ரேடியோ வேலை செய்யும் நேரம் அதுதான். கைபேசிகளில் எஃப்.எம். வசதியை முடக்காதீர்கள் என்று ஒன்றிய அரசு அதே ஆண்டு கைபேசித் தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது சரியான செயல். இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம்.

ஆகாசவாணி முப்பதுக்கும் மேற்பட்ட மத்திய அலை ஒலிபரப்பிகளை டிஜிட்டல் முறைக்கு ஏற்றவையாக மாற்றியது. ஆனால் அந்த ஒலியை வாங்கும் பெட்டி பெரும்பாலும் புதிய கார்கள் சிலவற்றில்தான் இருக்கிறது. பெட்டி ஒட்டும் அம்மாவின் வீட்டில் இல்லை. தொழில்நுட்பம் யாரை மனத்தில் வைத்து வருகிறது என்பதை நீங்கள் எப்போதும் கேட்க வேண்டும்.

இப்போது மனத்துக்குக் கடினமான ஒன்றைப் பேச வேண்டியிருக்கிறது. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை. அங்கு நடந்த வெடிவிபத்தில் 38 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே அல்லர். சத்தம் கேட்டு ஓடி வந்தவர்கள். உதவி செய்ய வந்தவர்கள். என்ன ஆயிற்று என்று பார்க்க வந்தவர்கள். அடுத்து வெடித்தது அவர்களைக் கொண்டுபோனது. கிட்டே போகாதீர்கள், இன்னும் வெடிக்கும் என்று அந்த நிமிடத்தில், அந்த ஊர்ப் பேச்சிலேயே சொல்ல ஒரு குரல் இருந்திருந்தால் சிலராவது பிழைத்திருப்பார்கள் என்று நான் நம்புகிறேன். இன்று பயராபீசில், அதாவது பட்டாசு ஆலையில், விபத்து என்றால் முதலில் வருவது வாட்ஸ்அப் காணொளி. எந்த ஊர், எந்த வருடம் என்றே தெரியாத பழைய படம் பல குடும்பங்களின் வயிற்றைக் கலக்கிவிடுகிறது.

சட்டத்திலும் ஒரு தடை இருக்கிறது. தனியார் எஃப்.எம். நிலையங்களும் சமுதாய வானொலிகளும் சொந்தமாகச் செய்தி சொல்ல அனுமதி இல்லை; ஆகாசவாணியின் செய்தியை மாற்றாமல் எடுத்து ஒலிபரப்பலாம், அவ்வளவுதான். தனியார் நிலையங்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு 10 நிமிடம் செய்தி சொல்ல இடம் கொடுக்கலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2023-இல் பரிந்துரைத்தது. யார் வேண்டுமானாலும் கைபேசியில் எதையும் பரப்பலாம், பொறுப்பும் உரிமமும் உள்ள நிலையம் மட்டும் வாயைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது அநியாயம். இந்தத் தடை நீங்க வேண்டும். அதுவரை வானிலை, பேரிடர் எச்சரிக்கை, போக்குவரத்து, உள்ளூர் அறிவிப்புகள் ஆகியவற்றைச் சொல்லத் தடை இல்லை என்பதை முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

2024-இல் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த 234 புதிய எஃப்.எம். நகரங்களின் பட்டியலில் நம் ராஜபாளையம் இருக்கிறது. தனியார் நிலையம் வரட்டும், பாட்டுப் போடட்டும். எனக்கு அதைவிட நம்பிக்கை சமுதாய வானொலி மேல்தான். 2004-இல் அண்ணா பல்கலைக்கழகம் இந்தியாவின் முதல் வளாக வானொலியைத் தொடங்கி வழிகாட்டியது. பாம்பனில் 2016 முதல் கடல் ஓசை 90.4 மீனவருக்குக் கடலையும் காற்றையும் பற்றிச் சொல்லி வருகிறது. கடலுக்குப் போகிறவனுக்கு ஒரு வானொலி இருப்பதுபோல பட்டாசுக்கு மருந்து செலுத்துகிறவனுக்கும் ஒன்று வேண்டும்.

அதில் என்ன பேசுவது? பட்டாசு ஆலைக்குள் கைபேசி கொண்டுபோகக் கூடாது. ஆகவே வேலை நேரத்தில் யாரும் கேட்கப்போவதில்லை. காலையில் ஆலை வேனுக்காக நிற்கும் நேரமும், மாலையில் திரும்பி அடுப்பு மூட்டும் நேரமும் உங்களுடையவை. இன்று இடி மின்னல் உண்டா, காய வைத்ததை எப்போது எடுக்க வேண்டும், வைப்பு நிதிக் கணக்கில் பணம் ஏறியதா என்று எங்கே பார்ப்பது, இஎஸ்ஐ அட்டையில் பெயர் தவறாக இருந்தால் யாரிடம் போவது என்றெல்லாம் பேசுங்கள். அறுபது வயதைத் தாண்டிய தொழிலாளிகளைப் பேசவிட்டுப் பதிவு செய்யுங்கள். காற்றில் விட்ட அதே நிகழ்ச்சியைப் பாட்காஸ்டாகவும் ஏற்றுங்கள். வெளியூர் போன பிள்ளைகள் கேட்பார்கள். கோபுரமும் வேண்டும், இணையமும் வேண்டும்.

சமுதாய வானொலி உரிமத்துக்குக் கல்வி நிறுவனங்கள் விண்ணப்பிக்கலாம். பயனுறு கதிர்வீச்சுத் திறன் 100 வாட்டுக்கு மிகாத ஒலிபரப்பி, முப்பது மீட்டருக்கு மிகாத ஆண்டெனா, சுற்றியுள்ள பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஊர்கள். அதற்கு மேல் தேவையும் இல்லை. கல்லூரிச் செயலர் அவர்களே, இந்த மேடையிலேயே கேட்கிறேன்: இந்தக் கல்லூரி விண்ணப்பிக்க வேண்டும். பட்டம் பெற்றுச் செல்லும் பிள்ளைகளே, எந்த ஊரில் வேலை கிடைத்தாலும் வாரம் ஒரு மணி நேரத்தை அந்த நிலையத்துக்குக் கொடுங்கள். பதிவு செய்து அனுப்ப உங்கள் கையிலுள்ள கைபேசியே போதும்.