திருதராட்டிரனுக்கு இரக்கம் வேண்டாம்



திரௌபதியம்மன் சந்நிதியில் நின்று பேசுகிறேன். அம்மனை அவைக்கு இழுத்துவந்தவன் துச்சாதனன். ஏவியவன் துரியோதனன். காய் உருட்டியவன் சகுனி. மூவரையும் ஊரே வைகிறது, வையட்டும். அரியணையில் உட்கார்ந்திருந்தவனை மட்டும் "பாவம், கண் தெரியாதவர்" என்று ஏன் விட்டுவிடுகிறோம்?

கண் இல்லாதது குற்றமல்ல. காது கேட்டதே! பந்தயம் ஏற ஏற, "ஜெயித்தாயிற்றா?" என்று மகிழ்ச்சியை அடக்கமாட்டாமல் கேட்டவன் அவன். சூதுக்கு மண்டபம் எழுப்பச் சொன்னது யார்? வேண்டாம் என்று மன்றாடிய விதுரனையே பாண்டவரை அழைத்துவர அனுப்பியது யார்? ஆணையெல்லாம் அவனுடையது. பழியை விதியின் தலையில் போட்டான்.

மகனைத் தடுக்க அவனால் முடியவில்லை என்பார்கள். முடிந்தது ஐயா, முடிந்தது! வியாச பாரதத்தைப் பாருங்கள். நரி ஊளையிடும் சத்தம் கேட்டு நடுங்கியதும் பாஞ்சாலிக்கு வரம் கொடுத்தான். ஐவரும் விடுதலையானார்கள். தோற்ற நாடும் செல்வமும் திரும்பின. படை திரட்டவில்லை, வாள் உருவவில்லை, வாய் திறந்தான், அவ்வளவுதான். துரியோதனனால் மறிக்க முடிந்ததா? அந்த வாயை அரை நாழிகை முன்னால் திறந்திருந்தால் அம்மன் கூந்தலில் ஒரு கை பட்டிருக்குமா?

பயம் தெளிந்தது. மகன் வந்து முறையிட்டான். மறுசூதுக்கு ஆள் போயிற்று! காந்தாரி தடுத்தாள். குலம் அழிந்தாலும் என்னால் தடுக்க முடியாது என்றான். 12 ஆண்டு வனவாசமும் ஓராண்டு அஞ்ஞாதவாசமும் அப்படி வந்தவைதான்.

கண்ணன் தூது வந்தபோதும், என் வசத்தில் எதுவும் இல்லை, நீரே மகனுக்குச் சொல்லும் என்றான். 18 நாள் போரில் நூறு பிள்ளைகளும் மாண்டார்கள். குற்றம் உம்முடையது என்று சஞ்சயன் முகத்துக்கு நேரே சொன்னான். அப்போதும் ஆத்திரம் பீமன்மேல்தான். இரும்புச் சிலையைப் பீமனென்று தழுவி நொறுக்கினான். அவ்வளவு வலு அந்தக் கைகளுக்கு! மகன் தோளைப் பிடித்து நிறுத்த அவை ஒருநாளும் எழவில்லை.

மதுரைப் பாண்டியனுக்குப் பழிபோட ஒரு பொற்கொல்லன் இருந்தான், உண்மையிலேயே வஞ்சித்தவன். ஆனாலும் கண்ணகி முன்னால் தன்னையே கள்வன் என்றான், அங்கேயே உயிர் விட்டான். நாடிழந்த திருதராட்டிரனோ, தருமன் போட்ட சோற்றில் 15 ஆண்டுகள் இருந்தான்.

நாளை இரவு கூத்தில் அவன் வேஷம் அழுதுகொண்டு வரும். தாய்மார்களே, துச்சாதனனுக்கு வைத்திருக்கும் வசவில் சரிபாதியை அவனுக்குக் கொடுங்கள்!