பயந்த பாம்பும் பொறுமையான கையும்

(தொலைக்காட்சி அரங்கில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது நம் பழமொழி. படை நடுங்குவது எல்லாருக்கும் தெரியும். அந்தப் பாம்பும் நடுங்குகிறதே, அது யார் கண்ணிலாவது படுகிறதா? இன்றைய உரை அந்த நடுக்கத்தைப் பற்றியது.

செல்லப்பிராணி என்றால் நாய், பூனை, கிளி, மீன் என்றிருந்த காலம் மாறிவிட்டது. மலேசியாவில் இன்று இளையோர் சிலர் வீட்டில் பாம்பு வளர்க்கிறார்கள். முதலில் சட்டத்தைச் சொல்லிவிட வேண்டும். சிங்கப்பூரில் பாம்பைச் செல்லப்பிராணியாக வளர்க்க அனுமதி இல்லை. மலேசியாவில் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் இருக்கிறது. பாம்பு வாங்க நினைப்பவர், வாங்குவதற்கு முன்பே பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறையிடம் விசாரித்து, உரிய உரிமத்தைப் பெற வேண்டும். அது இல்லாமல் தொடங்கவே கூடாது.

இப்போது ஒரு வீட்டை மனத்தில் நினைத்துக் கொள்வோம். கிள்ளான் பக்கம் ஒரு தாமான். கல்லூரியில் படிக்கும் மகன், முறைப்படி உரிமம் எடுத்து, ஒரு குட்டிப் பாம்பை வாங்கி வருகிறான். ஒரு முழ நீளம்கூட இல்லை. மறுநாளே ஆசையோடு பெட்டிக்குள் கையை விடுகிறான். பாம்பு கழுத்தை 'எஸ்' எழுத்துப் போல வளைக்கிறது, சீறுகிறது, சடாரென்று கொத்திவிட்டுப் பின்வாங்குகிறது. விரலில் ஊசி குத்தியதுபோல நாலைந்து ரத்தப் பொட்டுகள். அம்மா அலறுகிறார்.

"ஏன்டா, காசு கொடுத்து வம்பை வாங்கிட்டு வந்திருக்கியா? இத வீட்ல வச்சுக்கிட்டு எப்படித் தூங்கறது? கொண்டுபோய் செம்பனைத் தோட்டத்துல விட்டுட்டு வா!"

அந்தத் தாயின் அச்சத்தில் தவறில்லை. ஆனால், மகன் என்ன செய்யப் போகிறான்? அவன் முடிவில் ஓர் உயிரின் வாழ்க்கை இருக்கிறது.

அந்தப் பாம்பு எது என்று பார்ப்போம். ஆங்கிலத்தில் அதற்குப் 'பால் பைதான்' என்று பெயர். நாம் குடிக்கும் பால் அல்ல. பந்து என்று பொருள். பயம் வந்தால் தலையை நடுவில் மறைத்துக் கொண்டு உடலைப் பந்துபோல் சுருட்டிக் கொள்ளும். அதனால் பந்துப்பாம்பு என்றே சொல்லலாம். கானா, தோகோ, பெனின் முதலான மேற்கு, மத்திய ஆப்பிரிக்க நாடுகள் அதன் தாயகம். நஞ்சில்லாத மலைப்பாம்பு வகை. வளர்ந்தாலும் பெரும்பாலும் 3 அடி முதல் 5 அடிதான். கடித்தால் சோப்புப் போட்டுக் கழுவி, கிருமிநாசினி மருந்து தடவினால் பெரும்பாலும் போதும்.

பெனின் நாட்டில் வீடா என்ற ஊரில் பாம்புக் கோயில் ஒன்று உண்டு. அங்கிருப்பவை இந்தப் பந்துப்பாம்புகளே. இரவில் ஊருக்குள் ஊர்ந்து போகும். வீட்டுக்குள் பாம்பைக் கண்டவர் அதை அடிப்பதில்லை. எடுத்துக்கொண்டு போய் மீண்டும் கோயிலில் விடுகிறார். பெரியவர்கள் செய்வதைப் பார்த்தே அவ்வூர்ப் பிள்ளைகள் பாம்பை எப்படித் தொடுவது என்று கற்றுக் கொள்கிறார்கள்.

அப்படிப்பட்ட சாதுவான இனத்தின் குட்டி ஏன் கொத்துகிறது? அதன் இடத்திலிருந்து பார்க்க வேண்டும். தாய்ப்பாம்பு ஏறத்தாழ இரண்டு மாதம் முட்டைகளைச் சுற்றிக் காவல் கிடக்கிறது. குஞ்சு வெளிவந்ததும் அவரவர் பாடு அவரவருக்கு. பிறந்த நாளிலிருந்து பருந்து, கீரி, பெரிய பாம்பு என எல்லாமே குட்டிக்கு எதிரி. பகை பெரும்பாலும் மேலிருந்துதான் வரும். இப்போது மேலிருந்து ஒரு கை இறங்குகிறது. ஐந்து விரல், உடல் சூடு, வேகம். பருந்தின் கால் எது, பாசமுள்ள மகனின் கை எது என்று அதற்கு எப்படித் தெரியும்? நாம் கோபம் என்று நினைப்பது உண்மையில் அச்சம். வளர வளரப் பல பாம்புகளிடம் இந்தப் பதற்றம் குறைந்துவிடுகிறது. அதற்குள் மனிதன் பொறுமை இழந்துவிடாமல் இருந்தால் போதும்.

பொறுமை என்றால் சும்மா இருப்பது அல்ல. அதற்கும் ஒரு முறை உண்டு.

முதல் படி, தொடாமல் இருப்பது. புது வீட்டுக்கு வந்த பாம்பை ஒன்று அல்லது இரண்டு வாரம் தனியே விட வேண்டும். பெட்டியில் இரண்டு மறைவிடங்கள் தேவை. வெதுவெதுப்பான பக்கத்தில் ஒன்று, குளிர்ந்த பக்கத்தில் ஒன்று. சூடான பக்கம் 31 முதல் 33 பாகை செல்சியஸ், மறுபக்கம் 25 முதல் 27 பாகை இருந்தால் நல்லது. நம் நாட்டு வெயிலில் சூட்டுக்குப் பஞ்சமில்லை. ஆனால், இரவெல்லாம் குளிர்சாதனம் ஓடும் அறையில் பாம்பை வைத்துவிட்டு, அது சாப்பிடவில்லையே என்று கவலைப்படுவது பொருந்தாது. ஒளிய இடமில்லாத பாம்பு நாள் முழுதும் போருக்குத் தயாராகவே இருக்கும். மறைவிடம் கொடுப்பதுதான் பழக்கத்தின் தொடக்கம்.

இரண்டாம் படி, உணவு. குட்டி இரண்டு மூன்று முறையாவது ஒழுங்காக உண்ட பிறகே கையில் எடுக்க நினைக்க வேண்டும். பந்துப்பாம்பு மனக்கலக்கம் வந்தால் வாரக்கணக்கில் பட்டினி கிடக்கும் இனம். அவசரப்பட்டு எடுக்கிறவன் கடியை மட்டும் வாங்குவதில்லை; குட்டியின் உணவையும் கெடுக்கிறான். உறையவைத்து இளக்கிய எலியை நீண்ட இடுக்கியால் கொடுக்க வேண்டும், விரலால் அல்ல. உண்ட பிறகு குறைந்தது 48 மணி நேரம் தொடக்கூடாது. தொட்டால் உண்டதைக் கக்கிவிடக்கூடும்.

மூன்றாம் படிதான் கை. எடுப்பதற்கு முன் கையைக் கழுவ வேண்டும். பந்துப்பாம்பின் மேலுதட்டில் வெப்பத்தை உணரும் சிறு குழிகள் இருக்கின்றன. நாக்கை நீட்டி மணத்தை அறிகிறது. சூடான கையில் எலி வாடையும் சேர்ந்தால் அது அதற்கு எலிதான்! குற்றம் பாம்பின் மேல் இல்லை.

மேலிருந்து பாயாமல், பக்கவாட்டிலிருந்து மெதுவாகக் கையைக் கொண்டு போக வேண்டும். முனை வளைந்த ஒரு சிறு கம்பியால் உடலின் நடுப்பகுதியை இலேசாகத் தொட்டால், வருவது உணவு அல்ல என்று அதற்குப் புரியும். பிறகு தயங்காமல் உடலின் நடுவை ஏந்தி எடுக்க வேண்டும். தலையைப் பிடிப்பதும் இறுக்குவதும் கூடாது. உடல் முழுதும் கையில் தாங்கி நிற்க வேண்டும். விரலைக் கிளையென நினைத்து அது ஊரட்டும். ஒரு கை முடிந்தால் மறு கை நீளட்டும்.

முதல் நாள் 5 நிமிடம் போதும். வாரத்தில் மூன்று நான்கு முறை. நாளாக ஆக 10, 15 நிமிடம். மிக முக்கியமான ஒன்று: பாம்பு அமைதியாக இருக்கும்போதே பெட்டியில் விட வேண்டும். அது கொத்தியவுடன் வெடுக்கென்று விட்டுவிட்டால், கொத்தினால் கை போய்விடும் என்ற பாடத்தை நாமே சொல்லிக் கொடுத்ததாகிவிடும். பற்கள் பின்னோக்கி வளைந்தவை. வெடுக்கென்று இழுத்தால் தோல் கிழியும், பாம்பின் பல்லும் உடையும். கொத்து விழுந்தாலும் அசையாமல் இருந்து, அது அடங்கியபின் இறக்கிவிட வேண்டும். சொல்வது எளிது, செய்வது கடினம்! பயமிருந்தால் மெல்லிய தோல் கையுறை அணிந்து தொடங்கலாம். பதறுகிற வெறுங்கையைவிட, பதறாத உறையிட்ட கை நல்லது.

கண் பால்நிறமாக மங்கினால் பாம்பு தோலுரிக்கப் போகிறது என்று பொருள். பாம்புக்கு இமை கிடையாது; கண்ணின் மேல் உள்ள கண்ணாடி போன்ற செதிலும் தோலோடு சேர்ந்து உரியும். அந்த நாள்களில் பார்வை மங்குவதால் அச்சம் கூடும். உரித்து முடியும் வரை அதைச் சீண்டாமல் விடுவதே அறிவு.

இப்படிச் செய்தால் எத்தனை நாளில் பழகும்? நாள் குறித்துச் சொல்ல முடியாது. சில குட்டிகள் சில வாரங்களில் அடங்கும்; சிலவற்றுக்குப் பல மாதங்கள் ஆகும். ஒரு வாரம் முன்னேற்றம், மறுவாரம் மீண்டும் சீற்றம் என்றும் இருக்கும். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இங்கே அடி என்பது அந்த ஐந்து நிமிடம்தான். அதைத் தவறாமல் செய்வதில்தான் எல்லாம் இருக்கிறது.

நேயர்களே, இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. பினாங்கில் பாயான் லெப்பாஸ் பாம்புக் கோயிலுக்குப் போனவர்கள், கிளைகளில் பச்சையும் மஞ்சளுமாக அசையாமல் கிடக்கும் பாம்புகளைப் பார்த்திருப்பார்கள். அவை நஞ்சுள்ள விரியன் இனம். பகலில் அசையாமல் கிடந்து, இரைக்காகக் காத்திருப்பது அவற்றின் இயல்பு. அசையாமல் இருப்பதைப் பழகிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. இங்கே சொன்ன முறை, நஞ்சில்லாத, வளர்ப்பகத்தில் பிறந்த பாம்புக்கு மட்டுமே. வீட்டுக்குள் நுழைந்த காட்டுப் பாம்பிடம் இதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம். 999ஐ அழைத்தால் தீயணைப்பு மீட்புத் துறையினரோ பொது தற்காப்புப் படையினரோ வந்து பிடிப்பார்கள்.

மீண்டும் அந்தத் தாமான் வீட்டுக்கு வருவோம். அம்மா சொன்னபடி மகன் பாம்பைச் செம்பனைத் தோட்டத்தில் விட்டிருந்தால் என்ன ஆகும்? வளர்ப்பகத்தில் பிறந்த ஆப்பிரிக்கப் பாம்பு பட்டினியில் சாகலாம்; பாராங்கத்திக்கு இரையாகலாம். பிழைத்துப் பெருகினாலும் ஆபத்துதான். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், செல்லப்பிராணியாக வந்து வெளியேறிய பர்மிய மலைப்பாம்புகள் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் பெருகிவிட்டன. அங்கே சாலையோரக் கணக்கெடுப்பில் தென்படும் ரக்கூன்கள் 99 விழுக்காடு குறைந்துவிட்டதாக 2012இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். அதே ஆண்டு அந்தப் பாம்பின் இறக்குமதியை அமெரிக்கா தடை செய்தது. வளர்க்க முடியாதவர் பாம்பை வெளியே விடக்கூடாது. பெர்ஹிலித்தானை நாடி, சட்டப்படி ஒப்படைக்கும் வழியைக் கேட்க வேண்டும்.

வைத்துக்கொள்வதென்றால், அது நீண்ட நாள் பொறுப்பு. பந்துப்பாம்பு 20, 30 ஆண்டுகள் சாதாரணமாக வாழும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிச்சாலைக்கு 1961இல் வந்த ஒரு பெண் பந்துப்பாம்பு, குறைந்தது 62 வயதென்று கணிக்கப்பட்ட நிலையில், 2020இல் 7 முட்டைகள் இட்டது! இன்று 20 வயதில் பாம்பு வாங்கும் மகன், தன் பிள்ளை இடைநிலைப்பள்ளிக்குப் போகும்போதும் அதைப் பராமரித்துக் கொண்டிருப்பான். கையில் எடுக்க முடியாத பாம்பை மருத்துவரிடம் காட்ட முடியாது. வாய்ப்புண்ணோ உண்ணியோ வந்தால் கண்டுபிடிக்க முடியாது. பழக்குவது வேடிக்கை காட்டுவதற்காக அல்ல. அந்த உயிரைக் காப்பதற்காக.

வீட்டாரின் நலமும் பார்க்க வேண்டும். ஊர்வனவற்றின் உடலில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். தொட்டபின் சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும். சமையலறையில் பாம்பைக் கொண்டுவரக் கூடாது. 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் கொடுக்கவே கூடாது. பெட்டிக்குப் பூட்டு அவசியம். அம்மாவின் தூக்கத்துக்கு அந்தப் பூட்டுதான் உத்தரவாதம்.

கடைசியாக, பழகிய பாம்பு நம்மிடம் அன்பு காட்டுமா? திரைப்படத்தில் பாம்பு பழி வாங்கும், நன்றி காட்டும். உண்மைப் பாம்பு இரண்டும் செய்யாது. நாய்போல ஓடி வராது. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாது. இந்தக் கை தீங்கு செய்யாது என்று அது அறிந்து கொள்ளும், அவ்வளவுதான். கொடுத்த அன்பு திரும்பி வராது என்று தெரிந்தும் ஓர் இளைஞன் நாள் தவறாமல் ஐந்து நிமிடம் பொறுமை காட்டுகிறான் என்றால், அவனை அந்த வீடு வேறு கண்ணோடு பார்க்கலாம்.

சில மாதம் கழித்து ஒரு மாலை, சீறிக்கொண்டிருந்த அதே குட்டி மகனின் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டு நாக்கை நீட்டியபடி கிடக்கும். அம்மா அப்போதும் அறைக்குள் வரமாட்டார். வாசற்படியில் நின்றபடியே, "அது சாப்பிட்டுச்சா?" என்று கேட்பார். அந்த வீட்டில் அன்றைக்கு அந்தக் கேள்வியே போதும்.

பாம்போ பிள்ளையோ, சீறுகிற எதைக் கண்டாலும் இது எதற்குப் பயப்படுகிறது என்று ஒரு நொடி யோசித்துப் பார்ப்போம்.